பலரின் மன்றாட்டு: ஒரு வழிபாட்டாண்டின் நாட்குறிப்பு

2024 டிசம்பர் 1, திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு

கத்தோலிக்கத் திரு அவையின் வழிபாட்டாண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக்காலத்தோடு தொடங்குவதால், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பங்குகளுக்கு இன்றுதான் ஆண்டுப் பிறப்பு. அந்த ஆண்டுப் பிறப்பு இம்முறை வெள்ளத்தோடு வந்திருக்கிறது. நேற்றிரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்று கொட்டித் தீர்த்ததில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று.

இதே நாளில் உலகெங்கும் உள்ள கத்தோலிக்கக் கோவில்களில் சொல்லப்படும் திருக்குழும மன்றாட்டை இந்த வெள்ளத்தின் நடுவே படிப்பது பயனுள்ளது. திருக்குழும மன்றாட்டு என்பது திருப்பலியின் தொடக்கச் சடங்குகளை நிறைவுசெய்யும் சிறு வேண்டல். அருள்பணியாளர் மன்றாட அழைத்துவிட்டுச் சற்று மௌனம் காக்க, அந்த மௌனத்தில் ஒவ்வொருவரும் தத்தம் வேண்டுதலை மனத்துள் வைக்க, பின்னர் அவர் அவை அனைத்தையும் சேர்த்தெடுத்து எல்லார் பெயராலும் ஒரே வேண்டலாக இறைவனிடம் ஒப்படைக்கிறார். உரோமை மரபில் இதற்கென்று ஓர் அமைப்பு உண்டு. முதலில் இறைவனை விளித்து, பெரும்பாலும் அவர் யார், என்ன செய்தவர் என்பதை நினைவுகூர்ந்து, பிறகு ஒன்றை வேண்டி, அதை வேண்டுவதன் நோக்கத்தைச் சொல்லி, கிறிஸ்து வழியாக என்று முடிக்கும்போது மக்கள் "ஆமென்" என்று அதைத் தமதாக்கிக்கொள்கிறார்கள்.

இன்றைய மன்றாட்டு கேட்பது ஒன்றுதான்: வருகின்ற கிறிஸ்துவை நற்செயல்களோடு எதிர்கொண்டு செல்லும் மன உறுதி. அதன் நோக்கமாகச் சொல்லப்படுவது, அவருடைய வலப்பக்கத்தில் சேர்க்கப்பட்டு விண்ணரசுக்குத் தகுதி பெறுவது. வலப்பக்கம் என்னும் குறிப்பு மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தைச் சுட்டுகிறது. பசித்தவருக்கு உணவும், தாகமுற்றவருக்கு நீரும், அன்னியருக்கு இடமும் கொடுத்தவர்களே அங்கே வலப்பக்கம் நிறுத்தப்படுகிறார்கள். ஆகவே வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த தெருக்களை அடுத்து வாழும் மக்கள் இன்று "ஆமென்" என்று சொல்லும்போது, சோற்றுப் பொட்டலத்தையும் மாற்றுத் துணியையும் ஒதுங்க ஓர் இடத்தையும் கொடுப்பதற்கே உடன்படுகிறார்கள் என்று கொள்வது வலிந்து சொல்லும் பொருளாகாது. மன்றாட்டின் வாசகத்திலேயே அது இருக்கிறது. திருப்பலி நூலில் மழை வேண்டியும், நல்ல வானிலை வேண்டியும், புயல் அடங்க வேண்டியும் தனித்தனி மன்றாட்டுகள் உள்ளன என்பதும், புயலுக்கான மன்றாட்டு அச்சுறுத்தலே புகழ்ச்சிக்கு வாய்ப்பாக மாறவேண்டும் என்று கேட்கிறது என்பதும் பங்கு மக்களில் மிகச் சிலரே அறிந்தவை.

2024 டிசம்பர் 4, புதன்

1963ஆம் ஆண்டு இதே நாளில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை 2,147 வாக்குகள் ஆதரவாகவும் 4 வாக்குகள் எதிராகவும் விழ, ஏற்று வெளியிட்டது. அதற்கு முன் அருள்பணியாளர் பீடத்தில் இலத்தீனில் பூசை வைக்க, மக்கள் கீழே செபமாலையோ உபதேசியார் சொல்லிக்கொடுத்த தமிழ் மந்திரங்களோ சொல்லிக்கொண்டிருப்பதே எங்கும் வழக்கமாயிருந்தது. அந்த மக்களின் பக்தி குறைந்ததன்று. ஆனால் பீடத்து வேண்டலும் மக்களின் வேண்டலும் ஒரே கூரையின் கீழ் இரு வேறு வழிகளில் சென்றன. மக்கள் முழுமையாகவும், உணர்ந்தும், செயல்முறையிலும் பங்கேற்கவேண்டும் என்று சங்கம் கேட்டது இந்தப் பிளவை நீக்குவதற்காகவே.

அம்முயற்சிக்கு இந்திய முகம் கொடுத்தவர் இந்த மண்ணுக்கு அயலானவர் அல்லர். விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் அருள்பணியாளரும் கல்லேரியில் பிறந்தவருமான டி. எஸ். அமலோற்பவதாஸ் (1932–1990), 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தை நிறுவினார். 1969 ஏப்ரல் 25இல் உரோமை இந்தியாவுக்கு ஒப்புதல் அளித்த 12 பண்பாட்டுத் தழுவல்கள் அவருடைய பெயரோடு இணைத்தே பேசப்படுகின்றன. முழந்தாளிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தாழ்ந்து வணங்குதல், தரையில் அமர்தல், ஆரத்தி எடுத்தல், எண்ணெய் விளக்கு ஏற்றுதல் முதலியவை அவற்றுள் அடங்கும். தமிழகத்திற்கான இதே பணியைச் செய்யும் நடுநிலையம் திண்டிவனத்தில் அமைந்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பைத் தமிழ்க் கத்தோலிக்கர் கையில் சேர்த்த முகவரியும் அதுவே. எனவே மன்றாட்டுகளைத் தமிழில் தரும் வேலை பெருமளவு நடந்தேறிவிட்டது. அவற்றின் பொருளை மக்களுக்கு விளக்கும் வேலை அதற்கு ஈடாக நடக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

2025 மார்ச் 9, தவக்காலத்தின் முதல் ஞாயிறு

திருவழிபாட்டு மன்றாட்டுகள் ஏறத்தாழ அனைத்தும் பன்மையிலேயே அமைந்திருக்க, திருப்பலித் தொடக்கத்தில் சொல்லப்படும் பாவ அறிக்கை ஒருமையில் அமைந்திருப்பது தற்செயலன்று. குற்றத்தை ஊரின்மீதும் காலத்தின்மீதும் சுமத்திவிட முடியாதபடி ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே அதை ஏற்கவேண்டியிருக்கிறது. அதுவும் இறைவனிடம் மட்டுமல்லாமல், அருகில் நிற்கும் சகோதர சகோதரிகளிடமும் அறிக்கையிட்டு, அவர்களையே தமக்காக மன்றாடவும் கேட்கவேண்டியிருக்கிறது. செய்த தீமையோடு செய்யாமல் விட்ட நன்மையும் அங்கே குற்றமாகவே எண்ணப்படுகிறது.

இந்த நாளுக்கு இவ்வட்டாரத்தில் ஒரு நினைவு உண்டு. 2008 மார்ச் 9, அந்த ஆண்டுத் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அன்றைய விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ள எறையூரில், தனிப்பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே எழுந்த மோதல் வன்முறையாகி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். கோவிலில் சம உரிமையும் இறந்தோரைக் கொண்டுசெல்லும் வழியுமே அங்கு நெடுநாளாக நீடித்த பிணக்கின் உள்ளடக்கம். இலாசர் உயிர்பெற்றெழுந்த நற்செய்தி வாசிக்கப்படவேண்டிய ஞாயிறு அது.

இரு தரப்பினரும் ஞாயிறுதோறும் கேட்டுவந்தது ஒரே நற்கருணை மன்றாட்டை. அப்பத்தையும் இரசத்தையும் அர்ப்பணிக்கும் இந்த நடுநாயகமான மன்றாட்டில் தூய ஆவியாரை இருமுறை இறைஞ்சி அழைப்பது உண்டு. முதலாவது, காணிக்கைகள் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறவேண்டும் என்பதற்காக. இரண்டாவது, அவற்றில் பங்குகொள்வோர் ஒரே உடலாக ஒன்றிணைக்கப்படவேண்டும் என்பதற்காக. முதல் வேண்டலின்போது மணி ஒலிக்கிறது, தலைகள் தாழ்கின்றன. இரண்டாவது வேண்டல் எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரு வாக்கியமாகக் கடந்துபோகிறது. ஆனால் முதல் மாற்றம் எதற்காக நிகழ்கிறதோ அந்த நோக்கத்தைச் சொல்வது இரண்டாவதுதான். இந்த வாக்கியத்திற்கு "ஆமென்" சொல்லிவிட்டுச் சாதியின் பெயரால் தனி வழியும் தனி வரிசையும் கேட்பவர் தாம் வேண்டியதற்கு எதிராகவே நடக்கிறார்.

சடங்கும் சாதியும் மோதிய வரலாறு இங்கே புதிதன்று. திருத்தந்தையின் தூதர் மயார் த தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையில், ஒடுக்கப்பட்ட மக்களின் வீடுகளுக்கே சென்று அவர்களில் நோயுற்றோருக்கு அருளடையாளங்களை வழங்கவேண்டும் என்பதும் ஒரு கட்டளை. 300 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கட்டளையின் உட்பொருள் நிறைவேறாமல் கிடப்பது வேதனைக்குரியது.

2025 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இன்று திருப்பலி இல்லை. அதன் இடத்தில் நடைபெறும் ஆண்டவருடைய பாடுகளின் வழிபாட்டில், திரு அவை, திருத்தந்தை, எல்லா நிலையினர், திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வோர், கிறிஸ்தவ ஒன்றிப்பு, யூத மக்கள், கிறிஸ்துவை நம்பாதோர், கடவுளை நம்பாதோர், நாட்டை ஆள்வோர், துன்புறுவோர் ஆகியோருக்கென 10 பெரிய மன்றாட்டுகள் வரிசையாக எழுகின்றன. ஒவ்வொன்றிலும் அழைப்பு, மௌனம், வேண்டல் என்னும் பழைய அமைப்பு மாறாமல் காக்கப்பட்டிருக்கிறது.

வழிபாட்டு வாசகங்கள் திருத்தப்படக்கூடியவை என்பதற்கும் இவ்வரிசையே சான்று. நூற்றாண்டுகளாக யூதரைப் பழித்துவந்த அடைமொழியை 1959இல் திருத்தந்தை 23ஆம் யோவான் நீக்கினார். சங்கத்திற்குப் பின் வந்த நூலில் அம்மன்றாட்டு முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. பெருந்தொற்று பரவிய 2020இல் நோயுற்றோருக்கும் இறந்தோருக்கும் என ஒரு மன்றாட்டு கூடுதலாகச் சேர்க்கப்பட்டது.

கிறிஸ்துவை நம்பாதோருக்கான மன்றாட்டு, மயிலம் முருகன் கோவிலையும் மேல்சித்தாமூர்ச் சமண மடத்தையும் அண்டை அயலாகக் கொண்ட விழுப்புரம் மாவட்டத்தில் கவனத்தோடு கேட்கப்படவேண்டியது. நேர்மையான உள்ளத்தோடு இறைவன் திருமுன் நடப்போர் உண்மையைக் கண்டடையவேண்டும் என்று கேட்டபின், வேண்டலின் மறுபாதி வேண்டுவோரிடமே திரும்பி, அவர்கள் ஒருவரையொருவர் அன்புசெய்வதில் வளர்ந்து இறையன்புக்கு இன்னும் நிறைவான சாட்சிகளாக வேண்டும் என்று முடிகிறது. அண்டை வீட்டாரின் மனமாற்றத்தைவிடத் தம் மனமாற்றத்தையே இம்மன்றாட்டு நீளமாகக் கேட்கிறது.

2025 ஏப்ரல் 22, செவ்வாய்

நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயரும் மறைமாவட்ட ஆயரின் பெயரும் சொல்லப்படுவது, ஓர் ஊரின் திருப்பலி தலத்திரு அவையோடும் உலகத்திரு அவையோடும் ஒன்றித்து நிகழ்கிறது என்பதன் அடையாளம். பேராயர் பிரான்சிஸ் கலிஸ்ட் 2022இல் நியமிக்கப்பட்டது முதல் இவ்வுயர்மறைமாவட்டத்தின் பீடங்களில் பிரான்சிஸ் என்னும் பெயர் அடுத்தடுத்து இருமுறை ஒலித்துவந்தது. நேற்றுத் திருத்தந்தை பிரான்சிஸ் இறந்ததால், திருத்தந்தைக்கான இடம் வெறுமையாக விடப்பட்டு, இன்று ஒருமுறை மட்டுமே அப்பெயர் சொல்லப்படுகிறது. கோவிலில் கூர்ந்து கேட்பவருக்கு இந்தச் சிறு விடுபாடு எந்த அறிவிப்பையும்விட அதிகம் சொல்லும்.

2025 மே 9, வெள்ளி

நேற்றிரவு தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய திருத்தந்தையின் பெயராக, இன்று காலைத் திருப்பலிகளில் லியோ என்பது அவ்விடத்தில் சொல்லப்பட்டது.

2025 ஜூலை 20, பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு

ஆடிப் பட்டத்து விதைப்பு நடக்கும் நேரம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. இரகங்களால் நாடெங்கும் அறியப்பட்ட, மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையின் சீமை இது. இங்குள்ள குடியானவர் தம் மல்லாட்டையைக் கமிட்டி எனப்படும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்குக் கொண்டுசெல்பவர். பீடத்திற்கு வரும் கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் அவர் நிலத்தில் விளைவன அல்ல. ஆயினும் யூதர்களின் உணவுவேளைப் புகழுரையை அடியொற்றி அமைந்த காணிக்கை வேண்டல், அப்பத்தை நிலத்தின் விளைவு என்பதோடு நிறுத்தாமல் மனித உழைப்பின் பயன் என்றும் சொல்வதால், களையெடுத்த கையும் மூட்டை தூக்கிய தோளும் அங்கே பீடத்தில் வைக்கப்படுகின்றன. கூலி குறைத்துக் கொடுத்த உழைப்பும் அதில் சேர்ந்தே வைக்கப்படுகிறது என்பதை நிலமுடையோர் எண்ணிப்பார்க்கவேண்டும்.

உடனே நிகழும் இன்னொரு செயலை மக்கள் பார்ப்பதே அரிது. அருள்பணியாளர் கிண்ணத்தில் இரசத்தை ஊற்றியபின், பீடச் சிறுவன் நீட்டும் சிறு குப்பியிலிருந்து ஓரிரு துளித் தண்ணீரை மட்டும் அதில் விடுகிறார். துளி இரசத்தின் நிறத்திலேயே கரைந்து தனியே தெரியாமல் போகிறது. அப்போது அவர் தாழ்ந்த குரலில் சொல்லும் வேண்டல், பழைய உரோமை மன்றாட்டுத் தொகுப்பான வெரோனா ஏட்டில் கிறிஸ்து பிறப்பு விழா மன்றாட்டாகக் காணப்படும் மிகப் பழைய வாசகத்திலிருந்து எடுக்கப்பட்டது. நம் மனித இயல்பில் பங்குகொள்ளத் தம்மைத் தாழ்த்தியவரின் இறையியல்பில் நமக்கும் பங்கு கிடைக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. கிறிஸ்தவ நம்பிக்கையின் உச்சமான கூற்று யார் காதிலும் விழாமல் சொல்லப்படுவதால், மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டி விளக்குவது இன்றியமையாதது.

2025 நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

இறந்த நம்பிக்கையாளர் அனைவரின் நினைவு நாள் இவ்வாண்டு ஞாயிறன்று வந்ததால், ஞாயிறு வழிபாட்டின் இடத்தையே அது எடுத்துக்கொண்டது. கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, சாமந்தி மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றி வைத்துக் காத்திருக்கும் குடும்பங்களின் நடுவே அருள்பணியாளர் புனித நீர் தெளித்துக் கல்லறை மந்திரித்துச் செல்கிறார். தமிழகத்தின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திற்குள்ளும் சாதிக்கொரு பகுதி உண்டு. நற்கருணை மன்றாட்டு அத்தகைய பகுதி எதையும் அறியாது. அதன் நான்காம் வடிவம், கிறிஸ்துவின் அமைதியில் இறந்தவர்களோடு, யாருடைய நம்பிக்கையை இறைவன் ஒருவரே அறிவாரோ அவர்களையும் பெயரில்லாமல் சேர்த்துக்கொள்கிறது.

வரும் நவம்பர் 30இல் அடுத்த வழிபாட்டாண்டு தொடங்குகிறது. அதற்குள் ஒவ்வொரு பங்கும் இரண்டு காரியங்களைச் செய்யத் தொடங்கலாம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியங்களில், மறுநாள் சொல்லவிருக்கும் திருக்குழும மன்றாட்டைச் சனிக்கிழமை மாலையில் ஒருமுறை வாசித்து, அது என்ன கேட்கிறது, தங்கள் தெருவில் அதற்கு என்ன பொருள் என்று பேசட்டும். பங்குத்தந்தையர், மன்றாட அழைத்தபின் வரும் மௌனத்தை விழுங்கிவிடாமல் அரை நிமிடமாவது மக்களுக்கு விட்டுவைக்கட்டும்.