போர்ட்ஃபோலியோவில் என்ன வைப்பது?

விஸ்காம் படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு: பி.ஆர். வேலைக்குப் போகும்போது சான்றிதழ்களை அடுக்காதீங்க, எழுதினதைக் காட்டுங்க. கல்லூரி ரத்ததான முகாமுக்கு ஒரு பத்திரிகைக் குறிப்பு எழுதுங்க. யார், எங்கே, எப்போது, எதற்கு எல்லாம் முதல் பத்தியிலேயே வந்துடணும். 'மாபெரும்', 'சிறப்பான' எல்லாத்தையும் அடிச்சிடுங்க. உதவி ஆசிரியர் எப்படியும் வெட்டத்தான் போறார். நாளிதழில் நாலு வரியா வந்தாலும் போதும். அனுப்பின குறிப்பையும் வெளிவந்த செய்தியையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க. எது நின்னுச்சு, எது போச்சுன்னு தெரியும். நான் யாரோட கோப்பைப் பார்த்தாலும் முதல்ல தேடுறது அந்தப் பக்கத்தைத்தான்.

1906ல் அட்லாண்டிக் சிட்டி ரயில் விபத்து பற்றி பி.ஆர். துறை முன்னோடி ஐவி லீ ரயில்வே சார்பில் எழுதிக் கொடுத்த குறிப்பை நியூயார்க் டைம்ஸ் அப்படியே அச்சிட்டது. அதனால, அந்த மாதிரி நெருக்கடி நேர அறிக்கை ஒண்ணும் கட்டாயம் வையுங்க. விடுதிச் சாப்பாட்டால் மாணவர்களுக்கு வாந்தின்னு கற்பனையா ஒரு சூழல் எடுத்துக்கலாம். 'பயிற்சிக்காக எழுதியது'ன்னு மேலேயே போட்டுடுங்க.