கீரி போன தீவுகள்

எங்க வீட்டில் கீரி குறுக்கே போனால் நல்ல சகுனம். பாம்பிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றிவிட்டு அநியாயமாக அடிபட்டுச் செத்த கதை வேறு இருக்கிறது. அப்படிப்பட்ட கீரியின் மேல் எனக்கு வருத்தம் வந்தது ஒரு பல்லியால்.

ஃபோலிடோசெலிஸ் என்பது கரீபியன் தீவுகளில் வாழும் சாட்டைவால் பல்லிகளின் பேரினம். சுமார் 20 இனங்கள்; பலதுக்கும் ஒரே ஒரு தீவுதான் ஊர். பார்க்க நம்ம அரணை மாதிரி, ஆனால் ஒரு இடத்தில் நிற்காது. வெயில் ஏறினதும் வெளியே வந்து சருகைக் கிளறி இரை தேடும். பொழுது சாய்ந்தால் வளைதான்.

கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்க 1872-இல் கல்கத்தாவிலிருந்து 9 கீரிகளை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அதே கரும்புக்காக மதராஸிலிருந்து ஆட்களையும் கப்பலேற்றிய காலம் அது. பிறகு தீவு தீவாகக் கீரிகளை விட்டார்கள். எலி நடமாடுவது ராத்திரியில், கீரிக்கோ பகல் வேட்டை. பகலில் தரையில் யார் இருந்தா? இந்தப் பல்லிதான்.

வாலில் நீலமும் கறுப்புமாக வளையம் போட்ட ஓர் இனம் சென்ட் குரோயில் இருந்தது. இன்று அந்தப் பெரிய தீவில் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில், கீரி போய்ச் சேராத குட்டித் தீவுகளில்தான் தப்பியது. 2008-இல் 57 பல்லிகளைப் பிடித்துப் பக் தீவில் விட்டார்கள். அங்கே பெருகிவிட்டன. அதற்கு முன்பே அந்தத் தீவின் கீரிகளைப் பொறி வைத்து ஒழித்திருந்தார்கள். அந்த வரியை மட்டும் என்னால் வேகமாகக் கடக்க முடியவில்லை.