செருப்புத் தெரியற மாதிரி எடு

எங்கம்மாவுக்கு இருந்தது மொத்தம் ரெண்டே ரெண்டு போட்டோ. ஒண்ணு கல்யாணத்தன்னைக்கு ஸ்டுடியோவில் எடுத்தது. இன்னொண்ணு பனியன் கம்பெனி அடையாள அட்டையில் இருக்கிறது. கல்யாணப் போட்டோவில் டச்சிங் செய்து முகத்தை வெளுப்பாக்கிவிட்டார்கள், அது யாரோ. அட்டையில் கண்ணும் பல்லும்தான் தெரியும், மீதியெல்லாம் கருமை, அதுவும் யாரோ. இந்த ரெண்டுக்கும் நடுவில் எங்கம்மா முகம் எங்கே போச்சு? நான் கேமரா வாங்கினது இதற்காகத்தான். கலைமேல் ஆசை என்று சொன்னால் பொய்.

நான் திருப்பூரில் ஓவர்லாக் டைலர். 14 வயசில் கைமடியாகச் சேர்ந்தவன். அம்மாவுக்கு இன்னொரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கி, கட்டிங் வேஸ்ட்டை மூட்டை கட்டுகிற வேலை. பனியன் தொழில் வந்து சாதி போச்சு என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்காளுகளும் டைலராக, கட்டிங் மாஸ்டராக ஆகியிருக்கிறோம், இல்லை என்கவில்லை. ஆனால் நான் வேலை செய்த கம்பெனி ஒவ்வொன்றிலும் விளக்குமாறு மட்டும் எங்க வளவுக் கையை விட்டு வேறு கைக்குப் போனதைப் பார்த்ததில்லை.

2017-இல் 'கக்கூஸ்' படத்தைச் செல்போனில் பார்த்தேன். திவ்யபாரதி எடுத்தது. கேமரா பிடித்தவர் பழனிகுமார். மதுரைக்காரர், அவருடைய தாய் மீன் விற்கிறவர் என்று பின்னால் படித்தேன். மலக்குழியில் இறங்குகிற மனுசனை மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்று பார்க்கிற கண் அதில் இல்லை. மீன்காரம்மா மகன் கேமரா பிடிக்கலாம் என்றால், பெருக்குகிறவள் மகன் பிடிக்கக் கூடாதா?

2019 தீபாவளி போனஸ் 13 ஆயிரம். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தது 9 ஆயிரம். புதுசு கட்டுப்படியாகாது. பக்கத்து ஊரில் கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவர் ஒருவர் தன் நிக்கான் டி5300-ஐ விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

போகுமுன்பே விசாரித்து வைத்திருந்தேன். துவாரத்தைப் 16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி புள்ளிபுள்ளியாகத் தெரியும். லென்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே பூஞ்சை பிடித்திருப்பது சிலந்திவலை மாதிரி தெரியும். நிக்கானில் எடுத்த படத்தின் கோப்பிலேயே ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்ற கணக்கு இருக்கும். இந்த ரகத்துக்குக் கம்பெனி சொல்வது 1 லட்சம். இது அடித்திருந்தது 31 ஆயிரம். எல்லாம் சரி.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றவர், பேச்சுவாக்கில் எந்த ஊர் என்றார். சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்றார். அதையும் சொன்னேன். அப்புறம் 'வாங்க' போய் 'வா' ஆச்சு.

"உங்காளுகளுக்கு எதுக்கப்பா இது? சீர் நடக்கற ஊட்டுக்குள்ள உன்னைய யாரு உடுவாங்க?"

அவர் கேட்டதில் ஒரு நிஜம் இருந்தது. கல்யாணப் போட்டோகிராபர் வாசலில் நின்றால் ஆகாது. மணவறை வரைக்கும் போகவேண்டும். எங்கப்பன் தைத்த செருப்பு அந்த வாசல் வரைக்கும்தான் போச்சு. நான் ஒண்ணும் பேசவில்லை. 22 ஆயிரத்தை எண்ணி வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசலில் உட்கார்ந்து பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். மடி நிறைய, சுற்றிலும் வெள்ளைப் பனியன். ஆட்டோவில் வைத்து அடித்தேன். பனியன் மடிப்பு மடிப்பாக அழகாக விழுந்திருந்தது. அம்மா முகம்? அடையாள அட்டையில் இருந்த அதே கருமை. 22 ஆயிரம் கொடுத்தும் அதேதானா என்று வயிறு எரிந்தது.

பழுது கேமராவில் இல்லை என்று அப்புறம் புரிந்தது. எதிரே இருப்பது எதுவானாலும் மொத்தத்தில் நடுச்சாம்பல் நிறம் என்றுதான் அதன் மீட்டர் நினைக்கும். படம் நிறைய வெள்ளை இருந்தால் வெளிச்சம் ஜாஸ்தி என்று எண்ணிக் குறைத்துவிடும். வெள்ளை பத்திரமாக இருக்கும். கருத்த முகம் அமுங்கிப்போகும். பிலிம் காலத்திலும் இதே கதை. கோடாக் கம்பெனி கலர் சரிபார்க்கப் பிரிண்ட் போடும் இடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் பல வருசம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்தான். அவள் தோல் சரியாக விழுந்தால் படம் சரி என்று கணக்கு.

கேமராவில் கூட்டல் கழித்தல் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. கூட்டலில் ஒண்ணு வைத்து மறுபடி அடித்தேன். அம்மா முகம் வந்தது. கன்னத்துச் சுருக்கம், மூக்குத்தி, நெற்றித் தழும்பு எல்லாம் அவள் நிறத்திலேயே. பனியன் மட்டும் மடிப்பில்லாமல் வெளுத்துப்போச்சு. போகட்டும். பனியனைப் படம் பிடிக்க ஊரில் ஆயிரம் பேர்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கார்டன் பார்க்ஸ் என்ற கருப்பர் அடகுக் கடையில் பழைய கேமரா வாங்கித் தொழில் பழகியவர். 1942-இல் வாஷிங்டனில், அரசாங்கக் கட்டடத்தைப் பெருக்குகிற எல்லா வாட்சன் என்ற அம்மாவை, அமெரிக்கக் கொடிக்கு முன்னால் விளக்குமாற்றோடு நிற்க வைத்து எடுத்தார். உலகம் அறிந்த படம். அதே மாதிரி எடுக்க எனக்கு ஆசை. "அம்மா, வெளக்குமாத்தக் கையில புடிச்சுட்டு நில்லு" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதத்தானே கண்ணு வாரம் பூரா புடிச்சுட்டு நிக்கறேன். போட்டாவுலயும் அதேதானா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. கேமரா விற்றவர் என்னை வாசலில் நிறுத்தினார் என்று கோபப்பட்டேனே, நான் என்ன செய்தேன்? கம்பெனிக்காரன் அவள் கையில் கொடுத்ததையே நானும் கொடுத்தேன்.

"செரி, எப்படி எடுக்கட்டும், நீயே சொல்லு."

அம்மா உள்ளே போய்ச் சேலை மாற்றி வந்தாள். அப்பன் கடைசியாகத் தைத்துக் கொடுத்த செருப்பு பெட்டியில் இருந்தது. அதைக் காலில் போட்டுக்கொண்டாள். பண்ணையத்தில் இருந்த காலத்தில் ஊர் வீதியில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவள்.

"என்ற செருப்புத் தெரியற மாதிரி எடு."

முகத்துக்காக வாங்கிய கேமராவோடு நான் பின்னால் நகர்ந்தேன். இன்னும் நகர்ந்தேன். தலை முதல் கால் வரைக்கும் வந்தது.

இப்போது கண்ணாடி இல்லாத கேமராவுக்கு எல்லாரும் மாறிக்கொண்டிருப்பதால் பழைய டிஎஸ்எல்ஆர் மலிவாகக் கிடைக்கிறது. அவர்கள் கழித்தது நம் கைக்கு வருகிறது. பழைய சோறு மாதிரி இல்லை. காசு எண்ணி வைத்து வாங்குகிறோம். நம் பிள்ளைகள் வாங்கட்டும். வாங்கினதும் அந்தக் கூட்டல் பொத்தானைத் தேடிப் பழகட்டும். அதைவிட முக்கியம், எதிரே நிற்கிறவரிடம் எப்படி எடுக்கட்டும் என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். நம்ம சாதி ஆள் பிடித்துவிட்டதாலேயே கேமரா நம்முடையது ஆகிவிடாது.

அம்மாவுக்கு இப்போது மூணு போட்டோ. வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது ஒண்ணுதான்.