வெட்டின கட்டி ஏன் திரும்ப வருது?

1/ ரமணாசிரமம் பக்கம் ஆட்டோ ஓட்டுற அண்ணன் ஒருத்தர் போன மாசம் ஓபிக்கு வந்தார். இடது முன்கையில எலுமிச்சை சைஸ்ல கட்டி. வலி இல்லை.

"ஆறு மாசம் முன்னாடியே வெட்டி எடுத்தாச்சு சார். கொழுப்புக் கட்டின்னுதான் சொன்னாங்க. திரும்ப வந்துருச்சு."

எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்களான்னு கேட்டேன். "இல்ல சார், தூக்கிப் போட்டுட்டாங்க."

2/ அப்புறம் அவரே மெதுவா கேட்டார்: "பகவானுக்கும் கையிலதானே சார் வந்துச்சு?"

ஆமாம். ரமணருக்கு இடது முழங்கைப் பக்கம் வந்த சின்னக் கட்டியை 1949 பிப்ரவரியில் எடுத்தார்கள். திரும்ப வந்தது. அது சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு, எலும்பு மாதிரி திசுக்கள்ல வர்ற புற்றுநோய். அந்த ஒரே வருஷத்தில் 4 அறுவை சிகிச்சை, ரேடியமும் வைத்தார்கள். கையை எடுக்கலாம் என்றபோது அவர் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று உடலை நீத்தார்.

3/ ஏன் திரும்ப வருது? நம்ம சாதாரண செல் கணக்கில்லாம பெருக முடியாது. ஆய்வகத்துல வளர்த்தா சுமார் 40-60 தடவை பிரிஞ்சு நின்னுடும். சேலை முந்தானையில நூல் பிரியாம முடிச்சு போடுவாங்க இல்லையா, அந்த மாதிரி குரோமோசோம் நுனியைக் காக்கிறது டெலோமியர். ஒவ்வொரு பிரிவிலும் அது கொஞ்சம் குறையும். ரொம்பக் குறைஞ்சா செல் பிரியறதை நிறுத்திடும்.

4/ குறைஞ்ச நுனியைத் திரும்ப நீட்டுற நொதி டெலோமரேஸ். அதோட முக்கியப் பகுதிக்கான மரபணு 'டெர்ட்', 5-வது குரோமோசோமில் இருக்கு. கருவிலும் ஸ்டெம் செல்லிலும் வேலை செய்யும். மற்ற பெரும்பாலான செல்களில் அணைஞ்சே இருக்கும்.

புற்றுநோய் செல் அதைத் திரும்பப் போட்டுக்குது. 10 புற்றுநோயில் கிட்டத்தட்ட 9-ல் இதான் கதை. சார்கோமாவில் ஒரு பகுதி, டெலோமரேஸ் இல்லாமலே வேறு வழியில் நுனியை நீட்டிக்கும். எப்படியோ, பிரியறதுக்கு இருந்த வரம்பு போயிடுது.

5/ அதனாலதான் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தா போதாது. நாலு செல் மிஞ்சினாலும் அது மறுபடி கட்டியாகலாம். முதல்ல ஸ்கேன், ஊசி பயாப்ஸி. அப்புறம் சுத்தி இருக்கிற நல்ல சதையோட சேர்த்து எடுக்கணும்.

டெலோமரேஸைத் தடுக்க மருந்து இல்லையான்னு கேப்பீங்க. 2024-ல் அமெரிக்காவில் ஒண்ணுக்கு அனுமதி கிடைச்சது, ஆனா அது எலும்பு மஜ்ஜை நோய் ஒண்ணுக்கு. கைக் கட்டிக்கு இன்னும் கத்திதான் முதல் வைத்தியம்.

6/ அண்ணனோட பயாப்ஸி வந்தது. சார்கோமா. "கையை எடுத்துடுவாங்களா சார்?" 1949 மாதிரி இல்லண்ணே, இப்ப பெரும்பாலும் கையைக் காப்பாத்திடுறாங்கன்னு சொல்லி சென்னைக்கு அனுப்பினோம். அடுத்த வாரம் ஆபரேஷன்.

7/ வலிக்கலைன்னு விடாதீங்க. வளர்ற கட்டி, 5 செ.மீ. தாண்டின கட்டி, ஆழத்துல இருக்கிற கட்டி, எடுத்தும் திரும்ப வந்த கட்டி, எதுவா இருந்தாலும் காட்டுங்க. எங்க ஆபரேஷன் பண்ணினாலும் ஒரே கேள்வி கேளுங்க: "எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டீங்களா டாக்டர்?"

அந்த அண்ணனுக்கு இதைக் கேக்கணும்னு யாரும் சொல்லல. ஆறு மாசம் போச்சு.