நான் சொல்லித் தராத பயிற்சி

திருப்பூரில் நான் பிசியோதெரபிஸ்ட். கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலியைத் தீர்ப்பதில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயருக்காக, வந்தவர்களுக்குத் தர வேண்டியதில் பாதியைத் தராமலே அனுப்பினேன்.

இந்த வலி பிடரியில் தொடங்கி, ஒரு பக்கமாக ஏறி, கண்ணுக்கு மேலே போய் உட்காரும். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்தின் உணர்வைக் கடத்தும் நரம்பும் உள்ளே ஒரே இடத்தில் வந்து சேர்வதால், கழுத்து மூட்டின் கோளாறு நெற்றியில் வலிக்கிறது. மைக்ரேன் என்று நினைத்து அலைந்தவர்களே என்னிடம் அதிகம் வந்தார்கள். மூட்டைக் கையால் மெல்ல அசைத்துக் கொடுப்பேன். மருந்தில்லாத மெல்லிய ஊசியைப் பிடரித் தசையின் இறுக்கத்தில் செலுத்துவேன். பலருக்கு அப்போதே வலி இறங்கும். அந்த நேரத்தில் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கும் ஆசை எனக்கு விடவே இல்லை.

2002-இல் ஆஸ்திரேலியாவின் குவென்டலின் ஜல் குழுவினர் 200 பேரை வைத்துச் செய்த ஆய்வைப் படித்திருக்கிறேன். மூட்டைக் கையால் அசைக்கும் சிகிச்சையைப் போலவே, கழுத்தின் ஆழ்தசைகளையும் தோள்பட்டையையும் பழக்கும் பயிற்சியும் பலன் தந்தது. ஓராண்டுக்குப் பிறகும் அது நிலைத்தது. மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், மோவாயை மட்டும் மெல்லத் தொண்டைப் பக்கம் இறக்கிப் பத்து வினாடி நிறுத்த வேண்டும். பத்து முறை. செலவில்லை. நானும் தேவையில்லை. அதனால்தான் சொல்லித் தரவில்லை.

பனியன் கம்பெனியில் நாளெல்லாம் குனிந்து தைக்கும் ஒரு அம்மா, அரை நாள் கூலியை விட்டுவிட்டு மாதக்கணக்கில் வந்தார். "உங்க கை பட்டாத்தானுங்க சார் சரியாகுது" என்பார். ஒருநாள், "வீட்டுல ஏதாச்சும் செய்யோணுமுங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் வேண்டாம்மா, வலிச்சா வாங்க" என்றேன். தெரிந்தே சொன்ன பொய் அது.

பிறகு அவர் வரவில்லை. கூட வேலை செய்பவர் சொன்னார்: கட்டணம் கட்டி மாளவில்லையாம், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறாராம். மாதத்தில் 15 நாள், அதற்கு மேல் என்று தொடர்ந்து விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அவரை அங்கே தள்ளியதில் என் பங்கு பெரிது.

இப்போது வருகிறவர்களுக்கு முதல் நாளே பயிற்சியைச் சொல்லித் தருகிறேன். அந்த அம்மாவுக்கும் ஆள் சொல்லி அனுப்பினேன்: ஞாயிற்றுக்கிழமை வரட்டும், பணம் வேண்டாம் என்று. இன்னும் வரவில்லை. குறை சொல்ல எனக்கு முகமில்லை.