டாக்டரம்மாளின் கட்டுரைக் கணக்கு

வைத்தியக் கல்லூரியில் போதிப்பவர்களுக்கு நோயாளியைக் குணப்படுத்தினால் மட்டும் போதாது. ஆராய்ச்சிக் கட்டுரைகளும் எழுதிப் பிரசுரிக்க வேண்டும். உத்தியோக உயர்வு பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கிறது. இந்தக் கட்டுரைக் கணக்கில் ஸ்திரீகள் புருஷர்களுக்குப் பின்தங்கியவர்கள் என்று வெகு நாளாக ஒரு பேச்சு உண்டு. பேச்சு பொய்யல்ல, ஆனால் பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்ட பேச்சு என்பது நம்முடைய அபிப்பிராயம்.

நம் ஊர் லால்பேட்டை. வீராணம் ஏரியும் வெற்றிலைக் கொடிக்கால்களும் உள்ள ஊர். 1985-ல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் மருத்துவக் கல்லூரி ஏற்பட்ட பிறகு, டாக்டர் படிப்பு என்பது பஸ் ஏறினால் எட்டக்கூடிய தூரத்துக்கு வந்தது. நம் சகோதரியின் புதல்வியும் டாக்டரானாள். காது, மூக்கு, தொண்டை சிகிச்சையில் மேற்படிப்பு முடித்து, வெளியூரில் ஒரு கல்லூரியில் போதிக்கிறாள். சென்ற கோடையில் வந்திருந்தபோது முகம் வாடியிருந்தது. மேல்பதவிக்கு நேர்முகம் நடந்ததாம். கூடப் படித்த ஒருவருக்குக் கிடைத்துவிட்டதாம்.

"அவருக்கு இருபத்திரண்டு கட்டுரை, மாமா. எனக்கு ஒன்பது. நடுவில் இரண்டு பிரசவம், மாமியாரின் பக்கவாதம். அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லக் கூசியிருப்பேன்" என்றாள்.

நமக்கு வைத்திய சாஸ்திரம் தெரியாது. ஆனால் கணக்குத் தெரியும். ஆகையால் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தோம்.

ஆராய்ச்சியாளரை அளப்பதற்கு 'ஹெச்-இண்டெக்ஸ்' என்று ஒரு கோல் இருக்கிறது. 2005-ல் ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி வகுத்தது. ஒருவர் எழுதியவற்றில் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்துத் தடவையாவது பிறரால் எடுத்துக்காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் பத்து. நாளாக ஆக இந்த எண் ஏறுமேயொழிய இறங்காது. முன்னதாக எழுத ஆரம்பித்தவருக்கு இதில் எப்போதும் ஒரு சலுகை இருக்கிறதென்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தக் கோலை வைத்து அமெரிக்கக் கல்லூரிகளில் உள்ள காது, மூக்கு, தொண்டை நிபுணர்களையே அளந்து பார்த்திருக்கிறார்கள். 2013-ல் வெளியான அந்தப் பரிசீலனையில், மொத்தத்தில் புருஷர்களின் எண்தான் அதிகம். ஆனால் வயதுவாரியாகப் பிரித்தபோது வேறு சங்கதி தெரிந்தது. உத்தியோகத்தின் முற்பகுதியில் பெண்கள் குறைவாக எழுதுகிறார்கள். மூத்த நிலையை எட்டியவர்களோ ஆண்களுக்குச் சமமாக, சிற்சில இடங்களில் மேலாகவே எழுதுகிறார்கள். மேயோ கிளினிக்கின் டாக்டர்களைப் பற்றி 2011-ல் வெளியான ஆராய்ச்சியும் இதையே கண்டது. பிற்காலத்தில் பெண்களின் கட்டுரை வேகம் ஆண்களையும் மிஞ்சியது. ஆனால் தலைமைப் பதவிகள் மட்டும் அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்திருந்தன.

காரணம் தேடிச் சமுத்திரம் தாண்ட வேண்டியதில்லை. பதவிகளுக்கு ஆளைப் பொறுக்குவது முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில். பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் அதே வருஷங்களில். எங்களூர்க் கொடிக்காலில் முதலில் அகத்தி விதைப்பார்கள். பிறகுதான் வெற்றிலைக் கொடியை அதில் ஏற்றுவார்கள். நட்ட சில மாதங்களில் கிள்ளிய கவுளியை எண்ணி ஒருவரும் கொடிக்காலுக்கு விலைபேசுவதில்லை. வெற்றிலை வியாபாரிக்குத் தெரிந்தது தேர்வுக் குழுவினருக்குத் தெரியாமற் போனது விந்தைதான்!

அமெரிக்காவின் பிரபல வைத்தியப் பத்திரிகைகள் ஆறில், அந்நாட்டார் எழுதிய கட்டுரைகளில் முதல் ஆசிரியராகப் பெண் இருந்தது 1970-ல் நூற்றுக்கு ஆறு பங்கு, 2004-ல் இருபத்தொன்பது. முப்பத்து நான்கு வருஷங்களில் பெண்களின் மூளையா மாறிவிட்டது? கதவு திறந்தது, அவ்வளவுதான்.

நம் தேசத்துக்கு வருவோம். முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்றது 1912-ல். ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் பெண்களுக்கென்றே வைத்தியப் பள்ளி தொடங்கியது 1918-ல். அந்த வேலூரிலேயே குழந்தைகளின் வயிற்றுப்போக்கை ஆராய்ந்த ககன்தீப் காங் 2019-ல் லண்டன் ராயல் சொஸைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தக் கௌரவம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவர்.

அவ்வளவு பெயர் கிடைக்காத ஒருவரைப் பற்றித்தான் நாம் அதிகம் சொல்ல விரும்புகிறோம். இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பதை முதலில் வெளிப்படுத்திய ஆராய்ச்சி 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நடந்தது. பேராசிரியர் ஸுநீதி ஸாலமன். மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலா. நிர்மலா அப்போது சிறு குழந்தைகளின் தாய். விபசாரக் குற்றத்தில் பிடிபட்டு அரசாங்க விடுதியில் இருந்த பெண்களிடம் எண்பதுக்கு மேற்பட்ட ரத்த மாதிரிகளைக் கையுறைகூட இல்லாமல் சேகரித்தார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். ஐஸ்பெட்டியில் வைத்த மாதிரிகளுடன் தம்பதிகள் ரயிலேறி வேலூர் போய்ச் சேர்ந்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி தெரிந்தது. ஸுநீதி அம்மையார் 2015-ல் காலமானார். 2017-ல் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. நிர்மலாவோ 1987-ல் தம் ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பித்துவிட்டுக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்தார். நெடுங்காலம் அவர் பெயரை ஜனங்கள் அறியவில்லை.

அந்த ஸ்கூட்டரை எந்தக் குழுவினர் எந்தக் கோலால் அளப்பார்கள்?

தமிழ்நாட்டு அரசாங்கம் 2021 முதல் தன் பெண் உத்தியோகஸ்தர்களுக்குப் பன்னிரண்டு மாதம் பிரசவ விடுமுறை தருகிறது; நல்ல காரியம். ஆனால் சம்பளக் கணக்கில் ஏறும் அந்த மாதங்கள் கட்டுரைக் கணக்கிலிருந்து கழிய வேண்டாமா? ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்ஸிலில், இத்தனை வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற வரம்பைத் தாய்மார்களுக்குக் குழந்தைக்குப் பதினெட்டு மாதம் வீதம் தளர்த்துகிறார்கள். இரண்டு குழந்தை பெற்றவளுக்கு மூன்று வருஷம். அந்த வகையில் கணக்குப் போட்டு ஒரு காகிதத்தில் எழுதி, நம் மருமகளின் ஒன்பதையும் வகுப்புத் தோழரின் இருபத்திரண்டையும் பக்கத்தில் வைத்து, அவளுக்கே தபாலில் அனுப்பியிருக்கிறோம். அடுத்த நேர்முகத்தில் கூச்சமின்றி அதை மேஜைமேல் வைக்கும்படி சொல்லியிருக்கிறோம்.