இடது ஓரத்தில் நிற்கிறவள்

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
6.10.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,



போன வாரம் நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பேரன் மடியில் இருந்தான், மருமகன் எதிரில் உட்கார்ந்திருந்தார், பேச்சை மாற்றிவிட்டேன். “எக்கா, வயித்தை ஆட்டி ஆடுறதுக்கா பிள்ளை வீட்டுக்குப் போனே? அந்தப் போட்டோவை நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டாய். நீ கோபத்தில் கேட்கவில்லை, எனக்காகப் பயந்துபோய்க் கேட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அத்தான் போன மறுவருஷம் இங்கே வந்தேன். மகள் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு போனால் சாயங்காலம் வரை குக்கர் விசில்தான் பேச்சுத்துணை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெருவில் நடந்தால் எதிரே ஆள் வராது. சில நாள் மகள் வந்து “அம்மா” என்று கூப்பிடும்போது, பதில் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும். அதுதான் அன்றைக்கு நான் பேசுகிற முதல் வார்த்தை.

எதிர்வீட்டு அம்மாதான் என்னை அந்த ஆட்ட வகுப்புக்குக் கூட்டிப்போனாள். டவுன் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவள், வயது அறுபத்து மூன்று. வியாழக்கிழமை சாயங்காலம், ஒரு சமூகக்கூடத்தின் பின்னறை. உள்ளே பன்னிரண்டு பெண்கள். மெக்சிகோவிலிருந்து வந்த நர்ஸ், நூலகத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி, கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட எழுபது வயதுக்காரி ஒருத்தி. ஒல்லி, பருமன், பிரசவத் தழும்பு எல்லாம் இருந்தது, யாரும் எதையும் இழுத்து மூடிக்கொள்ளவில்லை. எல்லோர் தலையிலும் பூ. துணிப் பூதான், ஆனால் நம் ஊர்க் கல்யாணப்பெண் மாதிரி கொண்டையைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா தன் தலையிலிருந்து ஒரு சிவப்புப் பூவைக் கழற்றி என் காதோரம் குத்திவிட்டாள். அவளுக்கு நம் வழக்கம் தெரியாது. உன் அத்தான் போனதிலிருந்து நான் பூ வைக்கவில்லை என்பதும் தெரியாது. என் கை பூவரைக்கும் போனது. எடுக்கவில்லைடி.

பாட்டுப் போடுமுன் வரிசையாக நின்று ஒரு வணக்கம் செய்தார்கள். நிற்கிற தரைக்கு, சொல்லிக்கொடுத்தவர்களுக்கு, இசைக்கு, கூட ஆடுகிறவர்களுக்கு. அதற்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘பூஜா’. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நீ பரதம் படித்தபோது தட்டிக்கும்பிட்டுத்தானே ஆரம்பிப்பாய்? நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பேன். “தடிச்ச பிள்ளைக்கு எதுக்கு டான்ஸு” என்று வீட்டில் சொன்னது உனக்கு நினைவிருக்காது, நீ சின்னவள். ஐம்பது வருஷம் கழித்து ஜன்னலுக்கு உள்பக்கம் வந்து நின்றேன்.

நீ மனதில் வைத்திருக்கிற சினிமா கிளப் டான்ஸ் இல்லை இது. எகிப்தில் மேடையில் ஆடுவதை ‘ரக்ஸ் ஷர்கீ’ என்கிறார்கள், கிழக்கத்திய நடனம் என்று அர்த்தம். ‘பலதீ’ என்று இன்னொன்று, நம்ம ஊர் ஆட்டம் என்று வைத்துக்கொள், கல்யாண வீட்டில் பெண்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்வது. வயிற்றைச் சொல்லிப் பெயர் வைத்தது வெள்ளைக்காரர்கள். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இதைக் காட்டிக் காசு பார்த்தார்கள், அதிலிருந்து அந்தப் பெயர் இந்த நாடு முழுக்கப் பரவிவிட்டது. 1926-இல் பதியா மசப்னி என்ற பெண் கெய்ரோவில் சொந்தமாக ஒரு அரங்கம் திறந்தாராம். தஹியா கரியோகா, சாமியா கமால் எல்லாம் அங்கே ஆடித்தான் சினிமாவுக்குப் போனார்கள்.

நாங்கள் ஆடுவது அதுவும் இல்லை. இங்கே பக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் கரோலினா நெரிச்சியோ என்பவர் 1987-இல் தொடங்கிய வகை. எகிப்து, வட ஆப்பிரிக்கா, ஸ்பெயின், நம் நாடு எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக் கட்டியது. இதை எகிப்து நடனம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்வார். பெயரில் முன்பு ‘ட்ரைபல்’ என்று இருந்ததையும், அது பழங்குடி மக்களுக்கு மரியாதை இல்லை என்று 2020-இல் எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. உடுப்பைப் பற்றிக் கேட்டாயே, பாவாடையின் அடிச்சுற்று மட்டும் 25 கஜம். நம் சேலை நான்கைச் சேர்த்தாலும் எட்டாது. மேலே சோளி. வயிறு தெரியும், ஆமாம்.

அந்த வயிற்றைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் டீச்சர் கையை அடிவயிற்றில் வைக்கச் சொன்னார். நான் மேல்வயிற்றில் வைத்தேன். கர்ப்பப்பையை எடுத்த பிறகு அந்த இடத்தை நான் தொட்டதில்லை, குளிக்கும்போதுகூடத் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். மூச்சு கை வரைக்கும் வருகிறதா பாருங்கள் என்றார் டீச்சர். மெதுவாகக் கையை இறக்கினேன். வந்தது. வெறும் இடம் என்று நினைத்திருந்தேன், அதற்குள் சூடு இருந்தது.

இடுப்பு ஆடுவது முட்டியால். முட்டியை லேசாக மடக்கி, ஒன்று மாற்றி ஒன்று நீட்டினால் இடுப்பு தானாக நடுங்கும். ‘ஷிம்மி’ என்பார்கள். எனக்கு அது பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. இடுப்பை ஒரு பக்கம் ஏற்றி நிறுத்துங்கள் என்றபோது மட்டும் முதல் தடவையே வந்துவிட்டது. ஆற்றிலிருந்து குடம் சுமந்த இடுப்பில்லையா.

இந்த ஆட்டத்தில் முன்கூட்டியே அமைத்துவைத்த வரிசை கிடையாது. மூன்று நான்கு பேர் இடதுபக்கம் பார்த்துச் சாய்வாக நிற்போம். இடது முன் ஓரத்தில் நிற்கிறவள் தலைவி. அவள் கை எழும்புகிற விதம், தலை திரும்புகிற விதம், அதுதான் சைகை. பின்னால் நிற்பவர்கள் அதைப் பார்த்து அதே அசைவை அதே தாளத்தில் பிடிக்க வேண்டும். விரலில் ஜால்ரா மாதிரி குட்டித் தாளம் வேறு. வட்டமாகச் சுற்றி வரும்போது வேறொருத்தி இடது ஓரத்துக்கு வந்தால் இனி அவள் தலைவி. ஆடாதவர்கள் பின்னால் அரைவட்டமாக நின்று தாங்கிக்கொடுப்பார்கள்.

எட்டு மாதம் நான் பின்னாலேயே இருந்தேன். சுற்றும்போது அந்த ஓரம் என் பக்கம் வந்தால் ஒரு அடி பிந்திவிடுவேன். ஒரு வியாழக்கிழமை அந்த நர்ஸ் எனக்கு முன்பே பிந்திவிட்டாள். முன்னால் ஆள் இல்லை, கண்ணாடி மட்டும். மத்தளம் ஓடிக்கொண்டிருக்கிறது. வலது கையைத் தூக்கினேன். கண்ணாடியில் எனக்குப் பின்னால் மூன்று வலது கைகள் எழும்பின. இடுப்பை ஏற்றினேன், மூன்று இடுப்பு ஏறியது. உன் அத்தானை நான் குறை சொல்லவில்லை, நல்ல மனுஷர். ஆனால் முப்பத்தைந்து வருஷத்தில் என் சொல்லுக்கு அந்த வீட்டில் ஒரு நாற்காலிகூட இடம் மாறியதில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லை. ஆனால் அந்த நர்ஸின் தோளைப் பின்னாலிருந்து பார்த்தே, நைட் டியூட்டி முடிந்து வந்திருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் போகாமல் இருந்தபோது அவள் சூப் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வகுப்பு முடிந்ததும் பார்க்கிங்கில் எதிர்வீட்டு அம்மாவின் காரைச் சுற்றி நின்று நான் சுட்டுக்கொண்டு போகிற முறுக்கைத் தின்போம். வீட்டுக்குப் போக யாருக்கும் மனசு வராது.

இன்னொன்று. முன்னால் ஆடுகிறவள் நன்றாக ஆடினால் பின்னால் நிற்பவர்கள் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுப்பார்கள். அரபு நாட்டுக் கல்யாணங்களில் போடுவது, ‘ஸகாரீத்’ என்று பெயர். அசல் நம் குலவை. முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் நான் போடவில்லை. உன் மகளுக்குத் தாலி கட்டும்போது எல்லோரும் குலவை போட்டார்கள், நான் ஸ்டோர் ரூம் வாசலில் நின்றேன். நீ மணவறையிலிருந்து கண்ணால் என்னைத் தேடினாய். நான் பார்த்தேன்.

போன மாதம் அந்த எழுபது வயதுக்காரி புது முட்டியோடு முதல் தடவையாக இடது ஓரத்துக்கு வந்து நின்றாள். கை நடுங்கியது, ஆனாலும் தூக்கினாள். அம்மன் கோயில் கொடையில் ஆச்சி போடுவாளே, அந்தக் குலவை என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது வியாழன்தோறும் கடைசிப் பத்து நிமிஷம் நான்தான் அவர்களுக்குக் குலவை சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் ஆச்சி முடிக்கும்போது இழுத்து ஒரு சுழி கொடுப்பாள், அது எனக்கு வரவில்லை. உனக்கு வரும். சின்னதில் அவளை மாதிரியே போட்டுக் காட்டுவாய். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பு. புதன்கிழமைக்குள் அனுப்பினால் நல்லது.

அன்புடன்,
உன் அக்கா